பேச்சித்தாய் வரவில்லை

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் சேர வந்த பேச்சித்தாயிடம், அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவே இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னார்.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. திரையைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்துவிட்டு, பேருந்து நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

“சு. பேச்சித்தாய், முள்ளூரணி. பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. வருகை முழுசா இருக்கு. தமிழ்ல நீதாம்மா முதல்.”

“நான் ஒம்பதாவது பாதியிலயே நின்னுட்டேன் சார். ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் போயிட்டேன். இப்பந்தான் ஊருக்கு வந்திருக்கேன்.”

“அப்படி இங்க இல்லையே,” என்றார் ஞானதுரை சார்.

பேச்சி நின்றுகொண்டே இருந்தாள். மில்லில் புது இயந்திரங்கள் வந்து, விடுதியில் இருந்த பெண்களை எல்லாம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவள் அய்யா என்று கூப்பிடும் அப்பா மட்டும்தான். அவர் விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுவார். சும்மா இருப்பதற்குப் படிக்கலாம் என்று அவளாகத்தான் கிளம்பி வந்தாள். சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தாளே தவிர, ஏற்கெனவே சேர்ந்திருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை.

சார் ஆளனுப்பித் தமிழ் டீச்சரை வரவழைத்தார். செண்பகவடிவு டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்தது பேச்சி போன பிறகு. ஐந்து ஊர்ப் பள்ளிகளை ஒன்றாக்கிய பள்ளி இது. பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் முறை வைத்து நேரில் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில், தொடுதிரை டேப்பில். ஒரு பிள்ளையை முகம் பார்த்துப் பெயர் சொல்ல டீச்சர்களுக்கு ஒரு வருடம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

பெயரைக் கேட்டதும் டீச்சர் பேச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீதானா பேச்சித்தாய். வேற முறையில வார பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உன் கட்டுரைய ஸ்டாஃப் ரூம்ல வாசிச்சுக் காட்டியிருக்கேன், தெரியுமா. கேட்டுப் பாரு சாரை.”

“நல்லாத்தான் இருந்தது,” என்றார் சார்.

“அது நான் எழுதல டீச்சர்.”

டீச்சர் சிரித்தார். பிறகு சாரைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

விஷயத்தை டீச்சர்தான் விளக்கினார். மைனா என்பது பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கவும் சொல்வளம் கூட்டவும் எல்லாப் பள்ளிகளும் வைத்திருக்கும் ஒரு செயலி. இலவசம். பேச்சி படித்த காலத்திலேயே அது இருந்தது. தெரியாத சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும், தினம் ஒரு புதுச்சொல் தரும், ஒற்றுப்பிழையைச் சிவப்பில் காட்டும்.

“அப்புறம், பிள்ளைங்க பாதி வரியில நின்னா முடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சுது. அதுவும் மொட்டையா இல்ல. அந்தப் பிள்ளைக்கு என்னென்ன சொல் தெரியும், வாக்கியத்த எங்க நிறுத்தும், எதுல தப்பு விடும்னு எல்லாம் பாத்து, அதே மாதிரி எழுதும். அதுக்கப்புறம் தொடர்ச்சின்னு ஒரு வசதி வந்தது. காய்ச்சல்ல படுத்த பிள்ளை பின்தங்கிறக் கூடாதுல்ல. அது திரும்பி வார வரைக்கும் மைனாவே எழுதி வச்சிரும். வந்ததும் பிள்ளை வாசிச்சுப் பாத்து, சரின்னு அமுக்கிட்டு மேல போகலாம்.”

“எத்தனை நாளைக்கு எழுதும்?”

“அதுக்கு அளவு யாரும் போடல,” என்றார் டீச்சர்.

“வருகை?”

இதற்குச் சார் பதில் சொன்னார். “எழுதினா வந்த மாதிரி. வீட்ல இருந்து படிக்கிற பிள்ளைக்கு வேற எப்படிம்மா வருகை போடுறது.”

மூவரும் திரையைப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு பேச்சித்தாய்க்கு அதில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது.

ஞானதுரை சார் கெட்ட மனிதர் இல்லை. அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். பேச்சி ஒன்பதாவதில் சேரவேண்டுமென்றால், நடுவில் அவள் விலகியிருக்க வேண்டும். விலகினாள் என்று எழுதினால், விலகிய பிள்ளை எப்படி முதல் மதிப்பெண் வாங்கியது என்று மேலே கேட்பார்கள். அதைவிடச் சுலபம், நடந்ததை நடந்தபடியே விட்டுவிடுவது.

“உன் பேர்ல உள்ள கட்டுரைய எல்லாம் வாசி. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு கேள்வி இருக்கும், இது உன்னுடையதான்னு. ஆமான்னு அமுக்கு. எல்லாத்துக்கும் அமுக்கி முடிச்சா நீ பத்தாவது. ஒரு வருஷம் மிச்சம்.”

“இல்லன்னு அமுக்கினா?”

“அழிஞ்சிரும். ஒம்பதாவதுல உக்காரணும். எங்களுக்கும் கொஞ்சம் சிரமம்.” கொஞ்சம் என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார். “அவசரம் இல்ல. பத்தாவதுல உக்காந்துகிட்டே வாசி.”

பத்தாம் வகுப்பில் அவளுக்கு இடம் இருந்தது. முள்ளூரணியிலிருந்து வரும் கோமு பக்கத்தில் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “நீ மில்லுல இருந்து எழுதி அனுப்புதன்னுல்லா நெனச்சேன்,” என்றாள்.

“மில்லுல பேனாவே கெடையாது,” என்றாள் பேச்சி.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் வந்தவை சாதாரணக் கட்டுரைகள்தான். தண்ணீரின் அருமை. நூலகத்தின் பயன். ஆனால் வாசிக்க வாசிக்க அவளே எழுதியது போலவே இருந்தது. ‘ஆனால்’ என்று தொடங்கி ஒரு சின்ன வாக்கியம் எழுதுவது அவள் பழக்கம். அது அங்கே இருந்தது. ‘கிணற்றை’ என்பதை அவள் எப்போதும் ‘கிணத்தை’ என்று எழுதிவிடுவாள். மைனா பல மாதம் அதையும் தவறாமல் எழுதி, ஒன்பதாம் வகுப்பின் கடைசியில்தான் திருத்திக்கொண்டிருந்தது. பேச்சி மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் அப்போதுதான் திருந்தியிருப்பாள். அதெல்லாம் அவளுக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. அவற்றுக்கு ஆமா என்று அமுக்கினாள்.

கார்த்திகை மாதக் கட்டுரைகளைத் தாண்டிய பிறகுதான் அம்மா வந்தாள்.

மில்லுக்குப் போவதற்கு முன்பு பேச்சி தன் கையால் எழுதிய கடைசிக் கட்டுரை ‘என் அம்மா’. அதில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள், சீக்கிரம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தாள். அம்மாவுக்குச் சிறுநீரகம் போயிருந்தது. உப்பளத்தில் நின்றே தேய்ந்த உடம்பு. பேச்சி மில்லுக்குப் போனது அந்த வைத்தியத்துக்காகத்தான். தை மாதம் மில் விடுதிக்குத் தகவல் வந்து, அதை வார்டன் அவளிடம் சொல்லி, அவள் பேருந்து பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மைனாவுக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். சீக்கிரம் சரியாகிவிடும். ஆகவே அது சரியாக்கியிருந்தது.

பொங்கல் பற்றிய கட்டுரையில் அம்மா எழுந்து உட்கார்ந்து பானைக்கு மஞ்சள் கட்டினாள். மாசியில் திரும்பவும் அளத்துக்குப் போனாள். சித்திரையில், எனக்குப் பிடித்த உணவு என்ற தலைப்பில், சாளை மீன் குழம்பு வைத்து, முள் பார்த்துத் தின்னு என்று பேச்சியைத் திட்டினாள். அம்மா அப்படித்தான் திட்டுவாள். அது எப்படி மைனாவுக்குத் தெரிந்தது என்று பேச்சிக்கு விளங்கவில்லை. எப்போதோ ஏழாவதில் எழுதியிருப்பாள் போல.

ஆவணியில் எழுதிய கட்டுரை ‘நான் கண்ட திருவிழா’. அம்மாவும் மகளும் திருச்செந்தூருக்குப் போனார்கள். வாழ்நாள் முழுக்கக் கடல்தண்ணீரைப் பாத்தியில் கட்டி உப்பாக்கிய அம்மா, கடலுக்குள் கால் வைத்தவள் இல்லை. அலை வந்ததும் பயந்துபோய், சின்னப்பிள்ளைபோல மகளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். ‘ஆனால் நான் சிரிக்கவில்லை’ என்று கட்டுரை முடிந்திருந்தது.

அதன் கீழே டீச்சரின் குறிப்பு: மனம் நெகிழ்ந்தது பேச்சித்தாய். உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அதற்கும் கீழே: இது உன்னுடையதா?

பேச்சி ஒன்றும் அமுக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

“இது நீங்க எழுதினதா டீச்சர்?”

செண்பகவடிவு டீச்சர் தன் குறிப்பை இரண்டு முறை வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கே,” என்றார். கொஞ்சம் கழித்து, “இல்லம்மா. மைனா எழுதிக் காட்டும். நான் சரின்னு அமுக்கியிருப்பேன். அன்னைக்கு எனக்கு ஏகப்பட்ட கட்டுரை,” என்றார்.

அம்மா இறந்ததைப் பேச்சி அப்போதும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஏதாவது சொல்வார், அதை யார் எழுதிக்கொடுத்தது என்று தான் பார்க்கவேண்டியிருக்கும் என்று தோன்றியது.

ஆமா என்றும் அமுக்காமல் இல்லை என்றும் அமுக்காமல் நாட்கள் போயின. அவள் முடிவு சொல்லாததால் மைனாவும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புதுக் கட்டுரை வந்தது. பேச்சி மற்ற நாட்களில் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். அம்மா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினாள். கோமுவின் அக்கா கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுப் பந்தி சரியில்லை என்று குறைப்பட்டாள். அய்யாவிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று பேச்சி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நினைத்தாள். அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே, “குழம்புல இன்னும் கொஞ்சம் புளி கரைக்கலாம்,” என்றார். அவள் சொல்லாமல் விட்டாள்.

அடுத்து வந்த தலைப்பு, ‘எதிர்காலத்தில் நான்’.

மைனா எழுதும் முன் இரண்டு நாள் அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசத்தில் என்ன வரப்போகிறது என்று பேச்சிக்குத் தெரிந்துவிட்டது. படித்து வேலைக்குப் போய் அம்மாவை உட்காரவைத்துச் சோறு போடுவேன் என்று வரும். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் எழுதும். அதற்கும் டீச்சரின் மனம் நெகிழும். அடுத்த வருடம் அம்மாவுக்கு மெத்தை வாங்குவாள். அதற்கடுத்த வருடம் வீடு.

அவள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டேப்பைத் திறந்து, தானே தட்டினாள்.

எங்கம்மா தை மாசம் செத்துப்போச்சு.

திரையில் ஒரு வரி வந்தது. இந்த எழுத்து சு. பேச்சித்தாயின் நடையோடு ஒத்துப்போகவில்லை. வேறு யாராவது எழுதுகிறீர்களா?

இல்லை என்று அமுக்கினாள்.

‘செத்துப்போச்சு’ என்பதன் அடியில் கோடு விழுந்தது. பேச்சுவழக்கு. மேலான சொற்கள்: மறைந்தார், காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார். ஒவ்வொன்றையும் தொட்டால் எடுத்துக்காட்டு வந்தது. அந்த எடுத்துக்காட்டுகளில் இறந்தவர்கள் எல்லாருமே பெரிய ஆட்களாக இருந்தார்கள். அரசர், புலவர், ஊர்த்தலைவர். பேச்சி எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தாள். எதையும் எடுக்கவில்லை. அடுத்த வரியைத் தட்டினாள்.

நான் மில்லுல இருந்தேன். நான் வாரதுக்குள்ள எடுத்துட்டாங்க.

இந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை என்றது மைனா. எதை எடுத்தார்கள்?

பேச்சி அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மரத்திலிருந்து ஒரு பழம் டேப்பின்மேல் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டுத் தட்டினாள்.

அம்மாவ.

உறுதியா என்று கேட்டது. உறுதி என்று அமுக்கினாள். மதிப்பெண் மிகக் குறைவாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுரை எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. பேச்சியும் எழுதவில்லை. எழுத வேண்டியது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. முறை நாளில் வந்து கோமுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் ஞானதுரை சார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சரும் அங்கே இருந்தார். சார் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், பேச்சித்தாய் வரவில்லை என்று இருந்தது.

“நான் வந்துகிட்டுதான சார் இருக்கேன்.”

“நீ உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியுதும்மா. எழுதலையே. எழுதினாத்தான வருகை.”

“மைனா எழுதுமே சார்.”

“அதுதான் நிறுத்திட்டுது.” சார் டீச்சரைப் பார்த்தார்.

“வீட்ல இறப்பு நடந்த பிள்ளைக்கு அது எழுதிக் குடுக்காது,” என்றார் டீச்சர். “அந்த ஒண்ண மட்டும் யாரோ யோசிச்சுப் போட்டிருக்காங்க.”

அவர் பேச்சியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் மரத்தடியில் எழுதியதை அவர் அன்று காலையில்தான் வாசித்திருந்தார். அதற்கும் மைனா ஒரு குறிப்பு எழுதிக் காட்டியிருந்தது. அதை அவர் அமுக்கவில்லை.

“பிள்ளை இத்தனை நாள் வரலன்னா வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்,” என்றார் சார். “விதி. வகுப்பாசிரியர், அதாவது டீச்சர், போகணும். போகாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

“நான் இங்கதான சார் நிக்கேன்.”

“நிக்கியம்மா. ஆனா வீட்லதான் பாக்கணும்னு போட்டிருக்கு.”

ஆகவே அன்று சாயங்காலம், பேச்சித்தாய் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்க, செண்பகவடிவு டீச்சர் பேச்சித்தாயோடு ஒரே பேருந்தில் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்ந்து முள்ளூரணிக்குப் போனார். வழியில் உப்பளங்கள் வந்தன. பாத்திகளில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் டவுன்காரர். உப்பு இப்படிக் குவித்துக் கிடப்பதை அவர் பார்த்ததில்லை.

“அம்மா எந்தப் பாத்தில வேலை பாத்தாங்க?”

“அந்தா தெரியுதுல்லா, அந்தக் கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்துல.”

டீச்சர் அது மறையும்வரை பார்த்தார்.

வீட்டில் அய்யா கால் கழுவிக்கொண்டிருந்தார். அய்யா சுடலைமுத்துக்குப் பேச்சு குறைவு. டீச்சரைக் கண்டதும் வேட்டியைத் தழையவிட்டு, உள்ளே போய் மடக்கு நாற்காலியை எடுத்து வந்து விரித்தார். சுவரில் அம்மா பிச்சம்மாளின் படம் இருந்தது. அதன்மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“துட்டி கேக்க வந்தியளாம்மா,” என்றார் அய்யா. “வருவியன்னு அப்பமே பாத்தேன்.”

டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். பேச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

“எங்களுக்குத் தெரியாதுங்க,” என்றார்.

“கோமு சொன்னா, பிள்ளதான் எழுதிக்கிட்டே இருந்திருக்காளாமே,” என்றார் அய்யா. “எப்படித் தெரியும்.”

பையிலிருந்து டீச்சரின் டேப் ஒருமுறை ஒலி எழுப்பியது. அதை எடுத்துப் பார்த்தார். மாணவி வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டிருந்தது. ஆம் என்று போட்டார். வராததற்குக் காரணம் என்ன என்று கேட்டது. பேச்சியைப் பார்த்தார்.

“நீயே சொல்லும்மா.”

“அம்மா செத்துப்போச்சு டீச்சர்.”

டீச்சர் அதை அப்படியே தட்டிவிட்டு, டேப்பை அணைத்துப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு பிச்சம்மாளைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருடம் அளத்து வேலை, எப்போது உடம்புக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரி, கடைசியில் பேச்சு இருந்ததா. சாவு வீட்டில் துட்டி கேட்க வருகிற எல்லாரும் கேட்கும் கேள்விகள்தான். அய்யா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசி நாள் பிள்ளையைக் கேட்டாள் என்பதைப் பேச்சி அப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டாள். அய்யா அதை இத்தனை மாதம் சொல்லவில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. பேச்சி எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றாள். டீச்சர் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பேச்சி சொன்னாள்:

“நேத்தே அமுக்கிட்டேன் டீச்சர். தைக்குப் பெறகு உள்ளது எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுட்டேன். முன்ன ஆமான்னு போட்டதையும் மாத்திட்டேன். எல்லாம் போச்சு.”

“அப்ப ஒம்பதாவதுல உக்காரணுமே.”

“உக்காருதேன்.”

டீச்சர் தலையாட்டினார். மேலே என்ன பதில் சொல்வது என்பதை ஞானதுரை சார் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டார் என்றுதான் பின்னால் தெரிந்தது. மேலே யாரும் கேட்கவில்லை.

“ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னு போட்டேன்,” என்றாள் பேச்சி. “திருச்செந்தூர் போனது.”

“போனீங்களா?”

“போகல டீச்சர். அம்மா கடல்லயே நின்னதில்ல.” அவள் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். “ஆனா அது என்னுதுதான்.”

டீச்சர் வெளியே வந்து செருப்பை மாட்டினார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. “போயிட்டு” என்று வாயெடுத்தவர், அய்யாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். துட்டி கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்.

டீச்சர் அப்படியே நடந்தார். பேச்சி வாசலில் நின்று, அவர் பேருந்து நிறுத்தம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.